ஒன்பதாம் கட்டத்துக் கம்பிகள்

“நாப்பதடி பள்ளம். உள்ள வெறும் காத்து. பள்ளத்து மேல தரை, தரை மேல லாரி, லாரி மேல மிசினு. அஞ்சு நாள் அப்டியே நின்னுகினு இருந்துது. எதுல? பதினாலே பதினாலு கம்பில. கட்டைவெரல் தடிமன். நான் கட்னது!” என்று ஒரகடம் கூட்டுரோட்டு டீக்கடையில் கோதண்டம் சொன்னபோது யாரும் சந்தேகப்படவில்லை. சந்தேகப்பட வேண்டுமானால் முதலில் காது கொடுத்துக் கேட்க வேண்டும். கோதண்டம் வாயைத் திறந்தால் ஊருக்கு அது மின்விசிறிச் சத்தம் மாதிரி. ஓடினால் தெரியாது, நின்றால்தான் தெரியும்.

அதற்கு ஊரைக் குற்றம் சொல்ல முடியாது. ஏரியில் தான் பிடித்த விரால் மீனை மாட்டு வண்டியில் ஏற்றியும் வால் மட்டும் ரோட்டில் தேய்ந்துகொண்டே வந்தது என்று சொன்ன மனிதன் அவன். பாலாற்றுப் பாலத்துக்குக் கம்பி கட்டிக்கொண்டிருந்தபோது வெள்ளம் வந்து, கட்டிய கம்பிக் கூட்டின் மேல் உட்கார்ந்தபடியே கல்பாக்கம் வரை மிதந்து போய், கடலுக்கு இந்தப் பக்கம் இறங்கி பஸ் பிடித்து வந்ததாகவும் சொல்லியிருக்கிறான். இரும்பு மிதக்குமா என்று ஒருவன் கேட்டான். “கப்பல் இன்னாத்துல செஞ்சிக்கிறான், வாழமட்டைலயா?” என்றான் கோதண்டம். கேட்டவன் எழுந்து போய்விட்டான். இப்படி இருபது வருடம் சேர்த்துவைத்த பெயர். அதன் கடைசியில் வந்து நின்றது, நிஜமாக நடந்த ஒன்று.

அது தொண்ணூற்றொன்றாம் வருடத்து ஐப்பசி. ஒரகடத்திலிருந்து வாலாஜாபாத் போகிற ரோட்டில், கார்களுக்குத் தகடு அடித்துக் கொடுக்கும் கம்பெனி ஒன்று எழும்பிக்கொண்டிருந்தது. பன்னிரண்டு குடும்பத்து நிலம். கோதண்டத்தின் ஒன்றரை ஏக்கரும் அதில் உண்டு. வீட்டுக்கு ஒருவருக்குப் பர்மனென்ட் வேலை என்று பேச்சு. பேச்சு மட்டுமல்ல, டைப் அடித்த லிஸ்டே சைட் ஆபீஸ் சுவரில் தொங்கியது. அதில் நாலாவது பெயர் கோதண்டம். கம்பெனி திறக்கிற வரைக்கும் அதே இடத்தில் காண்ட்ராக்டரிடம் கம்பி கட்டுகிற மேஸ்திரி, திறந்த பிறகு நீலச் சட்டை, ஷிப்ட், ஓ.டி., கேண்டீன். தினமும் காலையில் வேலை தொடங்கும்முன் அவன் லிஸ்டை ஒருமுறை எட்டிப் பார்ப்பான். எழுத்து அங்கேயே இருக்கிறதா, ராத்திரி எழுந்து எங்காவது போய்விட்டதா என்பதுபோல. வயது நாற்பத்து மூன்று. நாற்பத்தைந்துக்கு மேல் எந்தக் கம்பெனியும் உள்ளே விடாது. மறைமலை நகரில் இரண்டு கம்பெனி வாசலில் ஏற்கெனவே நின்று திரும்பிய கால்கள் அவை. நிலமும் போயாகிவிட்டது. ஆக, உலகத்தில் அவனுக்கென்று மிச்சம் இருந்தது அந்தக் காகிதத்தில் நாலாவது வரி.

இன்னொரு காகிதமும் இருந்தது, நிலத்தை எழுதிக்கொடுத்த பத்திரம். அவன் நிலத்தில் ஒரு கிணறு உண்டு, அந்தக் காகிதத்தில் கிடையாது. கிணறு இருக்கிற நிலம் என்றால் வேறொரு ஆபீஸிலிருந்து ஆள் வந்து பார்க்க வேண்டும், லிஸ்ட் ஆறு மாதம் தள்ளிப்போகும் என்று புரோக்கர் சொன்னான். ‘மேற்படி நிலத்தில் கிணறு ஏதும் இல்லை’ என்ற வரிக்குக் கீழே கோதண்டம் கையெழுத்துப் போட்டான். அழகான கையெழுத்து, கடைசியில் ஒரு சுழி வேறு. அந்தக் கிணற்றின் மேல் அவனுக்குப் பாசமெல்லாம் இல்லை. உப்புத் தண்ணீர், மூன்று மோட்டாரைத் தின்ற சனியன். புல்டோசர்க்காரன் வாழைத் தண்டு, வைக்கோல், பக்கத்துக் கொட்டகையின் பழைய கூரை எல்லாவற்றையும் உள்ளே தள்ளி, மேலே நாலு லோடு மண் போட்டு, இப்படியும் அப்படியும் இரண்டு தடவை ஓட்டிவிட்டுச் சாப்பிடப் போனான். கோதண்டம் ஓரமாக நின்று பார்த்தான். வாழைத் தண்டு எத்தனை நாள் தாங்கும் என்று அவனுக்குத் தெரியும். வாயைத் திறந்தால் லிஸ்ட் போகும் என்பதும் தெரியும். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு விஷயத்தை அவன் யாரிடமும் சொல்லவில்லை.

கம்பெனித் தரையை ஒரே பலகையாகப் போட மாட்டார்கள். பதினைந்துக்குப் பதினைந்தடிக் கட்டமாகப் போட்டு வருவார்கள். ஒரு கட்டத்துக்கும் அடுத்த கட்டத்துக்கும் நடுவே மூட்டு. அந்த மூட்டில் கம்பிகள், பாதி உடம்பு இந்தக் கட்டத்தில், பாதி உடம்பு அந்தக் கட்டத்தில். ஒரு கட்டத்தின் மேல் வண்டி ஏறினால் பாரத்தில் கொஞ்சத்தை அடுத்த கட்டத்துக்கு மாற்றிவிடுகிற வேலை அவற்றுக்கு. டவல் கம்பி என்பார்கள். மெட்ராசிலிருந்து வந்த வரைபடத்தில் வழவழப்பான கம்பி போட்டிருந்தது. அதுவும் ஒரு பாதிக்குத் தார் பூசி, கான்கிரீட் பிடிக்காமல் விட வேண்டுமாம். சைட் எஞ்சினீயர் ரகுபதி, இருபத்தாறு வயது, முதல் வேலை, அதைப் பொறுமையாகத்தான் விளக்கினான்.

“கான்கிரீட் ஆறும்போது சுருங்கும் மேஸ்திரி. வெயில்ல நீளும். போக வர அதுக்கு வழி விடணும். இந்தக் கம்பி பக்கத்துக் கட்டத்துக்குத் தோள் குடுத்தா போதும். கையைப் புடிச்சு இழுக்கக் கூடாது.”

கோதண்டத்துக்கு அது ஏறவே இல்லை. கம்பியைக் கான்கிரீட் கவ்விப் பிடிக்க வேண்டும் என்பதற்காக இருபது வருடமாகத் துரு தேய்த்தவன் அவன். கம்பியில் ஒரு சொட்டு எண்ணெய் பட்டால் சித்தாளை மதியம் வரை திட்டுவான். அவனிடம் போய்த் தார் பூசு என்றால், தாலி கட்டிவைத்த கையோடு மாப்பிள்ளையை ஒரு பஸ்ஸிலும் பெண்ணை ஒரு பஸ்ஸிலும் ஏற்றிவிடு என்பது மாதிரி இருந்தது. ஆனாலும் ஒன்று முதல் எட்டு வரை படத்தில் உள்ளபடியே செய்தான். ஒன்பதாம் கட்டம் வந்தது. கிணறு இருந்த இடம், நூல் பிடித்ததுபோல அதன் நட்டநடுவில்.

அந்தக் கட்டத்துக்கு ஒரு பக்கம் சுவர், எதிர்ப் பக்கம் சாக்கடை. இரண்டிலும் பிடிப்பு இல்லை. எட்டாவது கட்டத்தோடு ஏழு கம்பி, பத்தாவதோடு ஏழு கம்பி, அவ்வளவுதான் அதற்கு உலகத்தோடு உறவு. கோதண்டம் வழவழப்பான கம்பிகளை ஒதுக்கிவிட்டு, தூணுக்கு வைத்திருந்த முறுக்குக் கம்பியில் பதினாலு துண்டு வெட்டினான். படத்தில் இருந்ததைவிட ஒவ்வொன்றும் ஒரு முழம் நீளம். தரைக்குள்ளும் ஒரு வலைக்கு இரண்டு வலை கட்டினான்.

“மேஸ்திரி, தாரு பூசல?” என்றாள் சித்தாள் முனியம்மாள்.

“இதுக்கு வாணாம்.”

“படத்துல பூசுன்னு கீதாமே?”

“படம் போட்டவன் மெட்ராசுல ஃபேனுக்கு அடியில குந்திக்கினு போட்டான். இந்த மண்ண அவன் பாத்துக்கிறானா?”

முனியம்மாள் மண்ணைப் பார்த்தாள். அவளும் பக்கத்துத் தெருதான். பிறகு போய்க் கட்டுக்கம்பியில் இன்னும் இரண்டு சுருள் எடுத்து வந்து போட்டாள். சொல்லப்போனால், இந்தக் கதை முழுவதிலும் கோதண்டத்துக்கு யாராவது செய்த உதவி அது ஒன்றுதான்.

பிறகு மழை. அந்த வருடம் பெய்த மழையில் ஏரி மீன்கள் ரோட்டுக்கு வந்து பஸ்ஸுக்குக் கை காட்டின. தவளைகள் கத்திக் கத்திக் குரல் போய்ச் சைகையில் பேசிக்கொண்டன. பூனாவிலிருந்து தகடு அடிக்கிற பிரஸ் மிஷின் ஏற்றி வந்த லாரி அந்த மழையில்தான் வந்து சேர்ந்தது. இறக்குவதற்குக் கிரேன் இல்லை. குண்டு வெடித்ததிலிருந்து அந்த வருடம் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் எந்த வண்டியையும் நிறுத்தி நிறுத்தித்தான் விட்டார்கள், கிரேன் அம்பத்தூரிலிருந்து கிளம்பி எங்கோ வரிசையில் நின்றது. மிஷின் நனையக் கூடாதென்று லாரியை ஷெட்டுக்குள் விடச் சொன்னார்கள். விட்டார்கள். பின்சக்கரம் நாலும் ஒன்பதாம் கட்டத்தின் மேல் போய் நின்றன. கோதண்டம் அன்று சைட்டில் இல்லை, கூரை ஒழுகுகிறதென்று வீட்டில் இருந்தான். மறுநாள் வந்தபோதுதான் பார்த்தான். லாரியை ஏன் நகர்த்த வேண்டும் என்று கேட்டால் என்ன சொல்வது? மூன்று நாள் அந்தப் பக்கமே திரும்பாமல் வேலை செய்தான். திரும்பாமல் இருந்தான் என்றால், மணிக்கு நாற்பது தடவை திரும்பினான்.

ஐந்தாம் நாள் காலை பதினோரு மணிக்கு, ஷெட்டுக்குள் புகுந்த மழைத் தண்ணீர் ஒன்பதாம் கட்டத்தின் ஓரத்து மூட்டில் இறங்கிக்கொண்டிருந்ததை அவன் பார்த்தான். இறங்கிக்கொண்டே இருந்தது, நிரம்பவில்லை. கட்டுக்கம்பிச் சுருளைப் பிரித்து நுனியை மூட்டுக்குள் விட்டான். போயிற்று. இன்னும் விட்டான். இன்னும் போயிற்று. சுருள் தீர்ந்து கை மூட்டில் இடித்தபோது நிறுத்தினான். இழுத்து வெளியே எடுத்து முனியம்மாளிடம் பிடிக்கச் சொல்லி அளந்தான். கீழ்நுனியில் மட்டும் நாலு முழம் ஈரம். நாற்பதடி என்பது கோதண்டம் கணக்கு. முப்பத்திரண்டு என்பது முனியம்மாள் கணக்கு. மீதி எட்டடியை அவன் ஆசைக்கு விட்டுவிடலாம். வாழைத் தண்டும் வைக்கோலும் கூரையும் மண்ணும் ஒன்றாகச் சேர்ந்து கீழே போயிருந்தன. சுற்றியிருந்த மண்ணையும் தண்ணீர் கரைத்துக்கொண்டு போயிருந்தது. தரைக்கு அடியில் தரை இல்லை.

டிரைவர் பரசுராமன் கேபினில் தூங்கிக்கொண்டிருந்தான். கோதண்டம் கதவைத் தட்டவில்லை, சுரண்டினான்.

“அண்ணே. வண்டிய எடு. மெதுவா.”

“கிரேன் வந்துட்ச்சா?”

“வரும். நீ எடு.”

“இன்னாய்யா அவசரம்? ஒரு டீ குட்ச்சிட்டு...”

“டீ எங்கயும் போவாது. அத்த குடிக்க நீ இருக்கணும். எடு.”

ஷெட்டுக்குள் பாதி இருட்டு. அந்தப் பக்கம் சுவர், இந்தப் பக்கம் சாக்கடை. வண்டி ரிவர்ஸில்தான் வெளியே வர வேண்டும், டிரைவருக்குப் பின்னால் ஒன்றும் தெரியாது. யாராவது நின்று கை காட்ட வேண்டும். நிற்பதற்கு இருந்த ஒரே இடம் ஒன்பதாம் கட்டம். முனியம்மாள் “மேஸ்திரி, நீ நவுரு” என்றாள். அவன் நகரவில்லை. தைரியம் என்று அதைச் சொல்ல முடியாது. லாரி உள்ளே போனால் லிஸ்டும் உள்ளே போகும், அதற்கப்புறம் தான் மட்டும் மேலே நின்று என்ன செய்வது என்ற கணக்குதான். எஞ்சின் ஓடத் தொடங்கியதும் தரை கயிற்றுக் கட்டில்போல ஆடியது. அடியிலிருந்து ஒரு சத்தம் வந்தது. இரும்பு முறிகிற சத்தம் அவனுக்குத் தெரியும், இது அதில்லை. நனைந்த கயிறு இறுகும்போது முனகுமே, அந்தச் சத்தம். கட்டம் ஒரு விரற்கடை கீழே இறங்கியது. அங்கேயே நின்றது. லாரி பின்சக்கரத்தால் வெளியேறி, முன்சக்கரத்தாலும் வெளியேறி, மழைக்குள் போய் நின்றது. கோதண்டம் ஓரம் வரைக்கும் நடந்து வந்து, எட்டாவது கட்டத்தில் கால் வைத்த பிறகுதான் உட்கார்ந்தான்.

விஷயம் ரகுபதிக்குப் போனது. ரகுபதி வந்து மூட்டில் டார்ச் அடித்துப் பார்த்தான், முகம் சுண்ணாம்பாகிவிட்டது. அன்று மதியமே தரையில் ஒரு ஓட்டை போட்டு, குவாரிக் கழிவு லாரி லாரியாகக் கொட்டி, மூன்று நாளில் எல்லாவற்றையும் நிரப்பினார்கள். ‘மழையால் ஓரடி மண் அரிப்பு, சரிசெய்யப்பட்டது’ என்று சைட் புத்தகத்தில் ஏறியது. கிரேன் வந்ததும் பரசுராமன் மிஷினை இறக்கிவிட்டுப் பூனா போனான், பிறகு அவனை யாரும் பார்க்கவில்லை. முனியம்மாளை யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. ஆனால் மறைக்க முடியாத ஒன்று இருந்தது. ஏழு, எட்டு, பத்து, பதினொன்று, நாலு கட்டத்திலும் மின்னல் மாதிரி விரிசல். விரிசல் விட்ட தரையில் மிஷினை முடுக்க மாட்டோம் என்றார்கள் மிஷின் கொடுத்த பூனாக்காரர்கள். விசாரித்தபோது முறுக்குக் கம்பி வெளியே வந்தது. அடுத்த நாள் காலை கோதண்டம் லிஸ்டை எட்டிப் பார்த்தான். நாலாவது பெயரின் மேல் ஒரு கோடு. பென்சில் கோடுதான். மெட்ராசிலிருந்து ஆள் வந்து ரிப்போர்ட் எழுதும் வரைக்கும் பென்சில்.

வந்த ஆள் ஒரு பெண். ஷெர்லின். மறைமலை நகர்தான் சொந்த ஊர். மெட்ராசில் மூட்டுகளைப் பற்றியே படித்து, மூட்டுகளைப் பற்றியே கணக்குப் போடுகிற உத்தியோகம். மழைக்கோட்டும் ரப்பர் செருப்புமாக ஜீப்பிலிருந்து இறங்கி, பாதி நாள் தரையில் முழங்காலிட்டே கழித்தாள். சாயங்காலம் கோதண்டத்தைக் கூப்பிட்டாள். அவன் டீக்கடையில் சொன்னதை அப்படியே சொன்னான். நாற்பதடி, அஞ்சு நாள், பதினாலு கம்பி. அவள் கேட்டாள். முழுசாகக் கேட்டாள். பிறகு, “நடந்திருக்க முடியாது மேஸ்திரி” என்றாள்.

கோதண்டத்துக்கு ஜில்லென்று இருந்தது. அவன் பேச்சை ஒருத்தர் கேட்டு, அதைத் தூக்கிப் பார்த்து, எடை போட்டு, இல்லை என்று சொல்வது அதுதான் முதல் தடவை. இருபது வருடத்தில் யாரும் அவனுக்கு அந்த மரியாதையைக் கொடுத்ததில்லை.

“ஏன் முடியாது மேடம்?”

அவள் சாக்பீஸால் தரையில் ஒரு கம்பி வரைந்தாள். அதற்குக் கீழே வரிசையாகச் சுருள் சுருளாகக் கிறுக்கினாள். “கான்கிரீட்டுக்குள்ள இருக்கிற கம்பி, வரிசையா ஸ்பிரிங் வெச்ச மெத்தை மேல படுத்திருக்கிற மாதிரின்னு வெச்சுக்கோங்க. மேல பாரம் ஏறினா மூட்டு ஓரத்து ஸ்பிரிங் முதல்ல அமுங்கும். ஒரு அளவுக்கு மேல கான்கிரீட் நொறுங்கிடும். உங்க தரையோட எடை, லாரி, மிஷின், எல்லாத்தையும் பதினாலா வகுத்தா, இந்த ஸ்பிரிங் தாங்குறதைப் போல ரெண்டு மடங்கு வருது. அஞ்சு நாள் இல்ல, அஞ்சு நிமிஷம் நிக்காது. கீழ கொஞ்சமாவது மண் இருந்திருக்கும். நீங்க நாப்பதடின்னு சொல்றீங்க.”

“முப்பத்திரெண்டு” என்றான் கோதண்டம்.

அது அவன் வாயிலிருந்துதான் வந்ததா என்று அவனுக்கே ஆச்சரியமாக இருந்தது. அதற்கப்புறம் அவன் எல்லாவற்றையும் சரியான அளவில் சொன்னான். ஒரு விரற்கடை இறக்கம், நாலு முழ ஈரம், பதினோரு மணி. கயிறு முனகிய சத்தத்தைக்கூடச் சொன்னான். அவள் எழுதிக்கொண்டே வந்தவள் நிமிர்ந்தாள்.

“அது சரி, முப்பத்திரண்டடிக்கு மண் அரிக்காதே. அங்க என்ன இருந்துச்சு?”

கோதண்டம் தரையில் இருந்த சாக்பீஸ் கம்பியைப் பார்த்தான். மழை கூரைத் தகட்டில் அடித்தது. “கெணறு” என்றான்.

“பேப்பர்ல கிணறு இல்லையே. பார்த்தேனே.” பிறகு அவளுக்கே புரிந்தது. “கையெழுத்து உங்களுதா?”

“என்னுதுதான். சுழி போட்டுக்கும்.”

அவள் பேனாவை மூடினாள். “நீங்க சொல்றத நான் நம்பி எழுதினா, பொய்க் கையெழுத்துன்னு உங்களை எடுப்பாங்க. நம்பாம எழுதினா, தப்பான கம்பின்னு எடுப்பாங்க.”

“கம்பி தப்பா மேடம்?”

“விரிசல் அதனாலதான். சுருங்குறதுக்கு வழி விடாம கெட்டியா புடிச்சுட்டீங்க. பக்கத்துல இருக்கிறதெல்லாம் கிழிஞ்சிடுச்சு.”

மறுநாள் ஒன்பதாம் கட்டத்து மூட்டுகளை உடைக்கச் சொன்னாள். பதினாலு கம்பியும் வெளியே வந்தன. நேராக ஒன்றுகூட இல்லை. எல்லாம் நடுவில் படிக்கட்டு மாதிரி மடங்கி, மடங்கின இடத்தில் இடுப்பு சிறுத்து இருந்தன. ஷெர்லின் ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நாலு கம்பியைச் சாக்கில் சுற்றி ஜீப்பில் போட்டுக்கொண்டு மெட்ராஸ் போனாள். கோதண்டம் பதினைந்து நாள் காத்திருந்தான். பென்சில் கோடு ஒன்றும் கல்வெட்டு இல்லையே என்று முனியம்மாளிடம் சொன்னான். பதினாறாம் நாள் லிஸ்டைப் புதிதாக டைப் அடித்து ஒட்டியிருந்தார்கள். பதினோரு பெயர். நாலாவது இடத்தில் வேறு ஒருவர். கோடுகூட இல்லை. காண்ட்ராக்டரும் கணக்கை முடித்து, வேறு இடம் பார்த்துக்கோ என்றார். கோதண்டத்தின் பெண்டாட்டி அம்சவல்லி காலையில் எல்லாரும் கூடுகிற நேரத்தில் தண்ணீர் பிடிக்கப் போவதை நிறுத்திவிட்டு, மதியம் குழாயடி காலியாக இருக்கும்போது போக ஆரம்பித்தாள். குழாயில் மதியம் தண்ணீர் நூலாகத்தான் வரும்.

சுங்குவார்சத்திரத்தில் ஒரு லாட்ஜ் கட்டிக்கொண்டிருந்தார்கள். அங்கே கம்பி கட்டுகிற கூலியாகச் சேர்ந்தான். மேஸ்திரி இல்லை, வேறு மேஸ்திரிக்குக் கீழே. கல்பாக்கம் வரை கம்பிக் கூட்டில் மிதந்தவன் அங்கே பத்து நாளில் பத்து வார்த்தை பேசியிருந்தால் அதிகம். கூட வேலை செய்த கொத்தனார் கோபால், இவனுக்குக் காது கேட்காது என்றே மூன்று நாள் நினைத்திருந்தான்.

பதினோராம் நாள், டீ நேரம், தூறல். காஞ்சிபுரம் பஸ்ஸிலிருந்து ஷெர்லின் இறங்கினாள். ஒரகடத்தில் கேட்டு, முனியம்மாளைப் பிடித்து, விலாசம் வாங்கி வந்திருந்தாள். டீக்கடை பெஞ்சில் கோதண்டத்துக்கு எதிரே உட்கார்ந்தாள். கோபாலும் இன்னும் மூன்று பேரும் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார்கள், காதை மட்டும் நகர்த்தவில்லை.

“கம்பியை மிஷின்ல வெச்சு இழுத்துப் பார்த்தோம்” என்றாள். “மூணு தடவ கணக்குப் போட்டேன். நான் ஸ்பிரிங் மட்டும்தான் வெச்சிருந்தேன் மேஸ்திரி. முறுக்குக் கம்பி, தாரும் இல்ல. ரெண்டு பக்கமும் கான்கிரீட் அதைக் கவ்விடுச்சு. மடங்க மடங்க அது கம்பியா இல்ல, கயிறா மாறிடுச்சு. தரை அதுல தூளி மாதிரி தொங்கியிருக்கு. நீங்க கேட்ட சத்தம் அதுதான். அந்தக் கயிறை நான் கணக்குல சேக்கவே இல்ல.”

கோதண்டம் டீயைக் கீழே வைத்தான்.

“படத்துல இருந்த மாதிரி வழவழப்பான கம்பி போட்டிருந்தா உருவிக்கிட்டுப் போயிருக்கும். டிரைவரோட.”

“ரிப்போட்டுல எழ்தனீங்களா?”

“இல்ல. விரிசலை மட்டும் எழுதினேன். அதுவும் நிஜம்தான்.” அவள் குரல் இறங்கியது. “மத்ததை எழுதினா கிணறை எழுதணும். உங்க கையெழுத்துல போய் நிக்கும்.”

“எழ்தனாலும் லிஸ்ட்ல நான் இல்ல.”

“இல்ல.”

“எழ்தலனாலும் இல்ல.”

“இல்ல மேஸ்திரி.”

ரோட்டில் ஒரு கம்பெனி பஸ் போனது, ஜன்னல் முழுக்க நீலச் சட்டைகள். கோபாலுக்குத்தான் பொறுக்கவில்லை.

“இன்னாமா மேட்டரு? இவுரு வாயே தொறக்க மாட்டன்றாரு.”

ஷெர்லின் கோதண்டத்தைப் பார்த்தாள். அவன் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவளே சொன்னாள். பெஞ்சில் சிந்தியிருந்த டீயில் விரலைத் தொட்டு ஒரு கோடு இழுத்தாள், நடுவில் படிக்கட்டு மாதிரி மடக்கினாள். கிணறு, தரை, லாரி, மிஷின், ஐந்து நாள், பதினாலு கம்பி. கோபால் வாயைப் பொத்திக்கொண்டு பக்கத்தில் இருந்தவன் தோளில் இடித்தான். அவன் டீயைத் துப்பிவிட்டுச் சிரித்தான்.

“அம்மா, படிச்சவங்க நீங்க, நீங்களே இப்டி அளந்து வுட்டா எப்டி? அடியில ஒண்ணுமே இல்லாம, அவ்ளோ பெரிய லாரி?” என்றான் கோபால்.

மற்ற இருவரும் சேர்ந்துகொண்டார்கள். ஒருவன், பஸ் ஸ்டாண்டு கழிப்பறைகூட அப்படித்தான் நிற்கிறது என்றான். கோதண்டம் சிரிக்கவில்லை, மறுக்கவுமில்லை, ஒரு அடிகூடக் கூட்டிச் சொல்லவில்லை. ஷெர்லினின் முகம் சிவந்துபோனது. பெஞ்சில் அவள் வரைந்த கோடு ஒரு முனையிலிருந்து காய்ந்துகொண்டே வந்தது. ஒரு ஈ வந்து அந்த மடிப்பின் மேல் உட்கார்ந்தது.

“நின்னுச்சு” என்றாள் அவள். யாரும் கேட்கவில்லை. இன்னும் கொஞ்சம் சத்தமாக, “நிஜமாவே நின்னுச்சுங்க” என்றாள்.